க்ரீம் வாங்கும் முன் எழும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்: தூக்கமும் தோலும், ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் மருந்துக் கடை கவுண்டரில் வாரத்துக்கு நாலைந்து பேராவது இதைக் கேட்பார்கள்: "அண்ணா, கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு, நல்ல க்ரீமா ஒண்ணு குடுங்க." அலமாரிப் பக்கம் திரும்பும் முன் நான் ஒன்று கேட்பேன். "போன ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" முதலில் விழிப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். பதினொன்றரை என்பார்கள். வேலை நாளில்? ஆறரை.

இந்த ஆறரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தூக்கம் கெட்டால் முகம் வாடும் என்பது எல்லா வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதோடு, எந்த நேரத்தில் தூங்கினோம், எத்தனை தடவை விழித்தோம் என்பதையும் தோல் கணக்கில் வைக்கிறது. அந்தப் பகுதிதான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான் மருந்தாளுநர், தோல் மருத்துவர் இல்லை. ஆகவே வைத்தியம் சொல்லவில்லை. வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு வரிசையையும், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

இரவில் தோல் என்ன செய்கிறது

மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத் தினமும் தன் முள்ளைத் திருத்திக்கொள்ளும். ஆனால் கடிகாரம் அங்கே மட்டும் ஓடவில்லை. தோலின் மேலடுக்கு அணுக்கள், நிறமி தயாரிக்கும் அணுக்கள், தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் அணுக்கள் என்று ஒவ்வொன்றுக்குள்ளும் மரபணுக்களால் ஆன ஒரு குட்டிக் கடிகாரம் இருக்கிறது. இப்படிப்பட்ட கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பகலில் தோலுக்குக் காவல்காரன் வேலை. வெயிலையும் தூசியையும் கிருமியையும் தடுத்து நிறுத்த வேண்டும். எண்ணெய்ச் சுரப்பு நண்பகலை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெற்றி பளபளப்பது அதனால்தான். இரவில் தோல் கொத்தனாராக மாறிவிடுகிறது. மேலடுக்கு அணுக்கள் பிரிந்து பெருகுவது இரவில்தான் அதிகம். தூக்கம் வருவதற்குச் சற்று முன் கை, கால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள் உடம்பின் சூட்டை வெளியே தள்ளும். தோல் வெதுவெதுப்பாகும், உள் வெப்பநிலை இறங்கும், கண் சொருகும்.

இதில் ஒரு பாதகமும் உண்டு. தோல் சூடாக இருக்கும் அதே நேரத்தில், அதன் வழியாக ஆவியாகிப் போகும் ஈரமும் கூடுகிறது. அழற்சியை அடக்கும் கார்டிசால் ஹார்மோனும் நள்ளிரவை ஒட்டித்தான் அடிமட்டத்தில் இருக்கும். சூடு, வறட்சி, குறைந்த கார்டிசால் மூன்றும் சேர்ந்தால் அரிப்பு. எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்) உள்ள குழந்தை பகலெல்லாம் ஓடியாடி விளையாடிவிட்டு, படுத்ததும் சொறிய ஆரம்பிப்பது இதனால்தான். "பகல்ல ஒண்ணுமில்ல, ராத்திரி ஆனா இப்படிப் பண்றான்" என்று அம்மாக்கள் சொல்லும்போது அது பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம். இரவு பத்து முதல் இரண்டு வரைதான் தோலுக்குப் பொற்காலம், அந்த நேரத்தைத் தவறவிட்டால் போச்சு என்று யூடியூபில் சொல்கிறார்கள். இந்த ஹார்மோனின் பெரிய அலை, நீங்கள் தூங்க ஆரம்பித்தபின் வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தோடு வருகிறது. சுவர்க் கடிகாரத்தில் பத்தடித்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒழுங்காகப் பதினொன்றரைக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுபவருக்கும் அது கிடைக்கும். ஒரு நாள் பத்து, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் டிவியைப் போட்டுக்கொண்டே சோபாவில் பாதித் தூக்கம் என்று இருப்பவருக்குத்தான் சிக்கல். ஒருநாள் தூக்கத்தை வெட்டினால், மறுநாள் சாயங்காலம் இறங்கியிருக்க வேண்டிய கார்டிசால் இறங்காமல் நிற்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஆய்வுகள் எதைக் காட்டின

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம். 23 பேரை இரண்டு தடவை படம் பிடித்தார்கள். ஒரு தடவை எட்டு மணி நேரம் தூங்கவிட்டு. இன்னொரு தடவை ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு, பிறகு 31 மணி நேரம் விழித்திருக்க வைத்து. எது எந்தப் படம் என்று சொல்லாமல் 65 பேரிடம் காட்டினார்கள். தூங்காத முகங்கள் ஆரோக்கியம் குறைந்தவையாக, களைத்தவையாக, அழகு குறைந்தவையாக மதிப்பெண் வாங்கின. 2013-இல் அதே குழு, எந்த அடையாளங்கள் காட்டிக்கொடுக்கின்றன என்று பார்த்தது. தொங்கிய இமை, சிவந்து வீங்கிய கண், கருவளையம், வெளிறிய தோல், கூடுதலான மெல்லிய கோடுகள், கீழே இறங்கிய வாயோரம்.

இவையெல்லாம் ஒரு ராத்திரியின் விளைவு, நன்றாகத் தூங்கினால் மறைந்துவிடும். நீண்ட காலக் கணக்கு வேறு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 30 முதல் 49 வயதுள்ள 60 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. ஒட்டும் நாடாவால் தோலின் மேலடுக்கைக் கொஞ்சம் உரித்துவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் சீராகிறது என்று அளந்தார்கள். நன்றாகத் தூங்குபவர்களுக்கு 72 மணி நேரத்தில் சீரான அளவு 30 சதவீதம் அதிகம். மெல்லிய சுருக்கம், நிறச் சமமின்மை போன்ற முதுமை அடையாளங்களும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் ஒன்று: அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எஸ்டே லாடர் என்ற அழகுசாதன நிறுவனம். அதனால் அது பொய் என்று சொல்ல வரவில்லை. தூங்காதவர்களின் தோல் மெதுவாகச் சீராகிறது என்பதை, 11 பெண்களை 42 மணி நேரம் விழித்திருக்க வைத்த 2001-ஆம் ஆண்டு ஆய்வும் காட்டியிருக்கிறது. இருந்தாலும் இந்த ஆய்வுகளில் ஆட்கள் குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

நேரம் என்ற விஷயத்தில் என்னை அசத்தியது கேம்பிரிட்ஜ் ஆய்வுதான். 2017-இல், 118 தீக்காய நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். பகலில் பட்ட காயம் சராசரியாக 17 நாளில் பெரும்பாலும் ஆறியிருந்தது. இரவில் பட்ட காயத்துக்கு 28 நாள். காயத்தை நோக்கி நகர்ந்துபோய்ப் பழுதுபார்க்கும் அணுக்கள் பகலில் சுறுசுறுப்பாக ஓடுகின்றன, இரவில் மந்தமாகின்றன என்பது அவர்கள் கண்ட காரணம். கொத்தனார் இரவில்தான் வேலை செய்கிறார் என்று சற்று முன்பு சொன்னேனே, அது முழுக் கதை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் தோல் ஒரு நேரம் வைத்திருக்கிறது. கடிகாரத்தை நாம் குழப்பினால் எல்லா வேலையும் ஒன்றோடொன்று மோதும்.

சரி, செயலுக்கு வருவோம்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள்

பழைய டைரி போதும். படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், நடுவில் எழுந்த தடவைகள், காலையில் எழுந்த நேரம், கடைசியாகக் குடித்த காபி அல்லது டீ, இரவுச் சாப்பாட்டு நேரம். கூடவே, தினமும் காலையில் அதே ஜன்னல் பக்கம், அதே வெளிச்சத்தில், முகம் கழுவிய பத்து நிமிடத்துக்குள் ஒரு போட்டோ. பியூட்டி மோடு போட்டு எடுக்காதீர்கள், அது எல்லோரையும் நன்றாகத் தூங்கியவர்களாக்கிவிடும்.

வாரக் கடைசியில் ஒரு சின்னக் கணக்கு. வேலை நாளில் பன்னிரண்டுக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் உங்கள் தூக்கத்தின் நடுப்புள்ளி மூன்றேகால். ஞாயிறு இரண்டு மணிக்குத் தூங்கிப் பதினொன்றரைக்கு எழுந்தால் நடுப்புள்ளி ஆறேமுக்கால். வித்தியாசம் மூன்றரை மணி நேரம். கோடையில் சென்னைக்கும் பாரிஸுக்கும் இருக்கும் நேர வித்தியாசம் இதே மூன்றரைதான். சனிக்கிழமை பாரிஸ் போய், திங்கள் காலையில் திரும்பி வந்த மாதிரி உங்கள் கடிகாரம் வாராவாரம் அலைகிறது. மூனிக்கில் உடல் கடிகாரத்தை ஆராயும் டில் ரோன்னபெர்க்கும் அவருடைய சகாக்களும் இதற்கு 2006-இல் சமூக ஜெட்லாக் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டைத் தாண்டினால் அடுத்த படியில்தான் உங்கள் வேலை முழுவதும்.

படி 2: படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள்

எல்லோரும் "இன்னைலேர்ந்து பத்து மணிக்குப் படுத்துடணும்" என்று ஆரம்பித்து நான்காம் நாள் தோற்பார்கள். தூக்கத்தை வரவழைக்க நம்மால் முடியாது. எழுந்திருப்பது நம் கையில் இருக்கிறது, அலாரம் கையிலும் இருக்கிறது. வேலை நாளுக்கு ஏற்ற ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள், ஆறரை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமையும் ஏழரைக்கு மேல் போகக் கூடாது. அசதியாக இருந்தால் மதியம் மூன்று மணிக்கு முன் ஓர் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம்.

எழுந்ததும் வெளிச்சம். மொட்டை மாடி, வாசல், பால் வாங்கப் போகும் தெரு, எதுவானாலும் சரி. வீட்டுக்குள் டியூப்லைட் தரும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளியே காலை வானம் அதைவிடப் பல மடங்கு. பதினைந்து, இருபது நிமிடம் போதும். தலைமைக் கடிகாரத்துக்கு 'இதுதான் காலை' என்று சொல்ல இதைவிட வலுவான வழி கிடையாது. ஆறரை, ஏழு மணி வெயிலில் தோலைக் கெடுக்கும் கதிர்கள் குறைவுதான், கறுத்துவிடுவோம் என்று பயந்து உள்ளேயே இருக்க வேண்டாம். வாசல் தெளித்துக் கோலம் போடுபவர்களுக்கு இந்தப் படி ஏற்கெனவே முடிந்தது.

ஏழரை மணி நேரத் தூக்கத்துக்குப் பின்னோக்கி எண்ணினால், தூங்கப் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்து, பத்தேமுக்காலுக்குள் படுக்கையில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகளின் 2015 பரிந்துரை. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து. இப்போது ஒரு மணிக்குத் தூங்குபவர் ஒரே நாளில் பத்தேமுக்காலுக்கு வர முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள்.

படி 3: சாயங்காலத்தைச் சரிசெய்தல்

காபி, டீயில் உள்ள கஃபீன், தூக்கத்தைக் கொண்டுவரும் அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது பெரிய அளவு என்பது உண்மை. நம் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் நான்கு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு நண்பர்களோடு ஒன்று, எட்டு மணிக்கு 'தலைவலிக்கு' ஒன்று என்று சேர்த்துப் பாருங்கள். மூன்று மணியோடு நிறுத்தினால் நல்லது.

சாப்பாட்டு நேரத்துக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் ஜோசஃப் டகாஹாஷி உள்ளிட்ட ஆய்வாளர்கள், இரவில் தின்னும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டுப் பார்த்தார்கள். தோலின் கடிகாரம் பிசகியது. புறஊதாக் கதிரின் சேதத்தைச் சீராக்கும் ஒரு புரதம் சுரக்கும் வேளையும் மாறிப்போனது. பகல் வெயிலைத் தாங்கும் திறன் குறைந்தது. இது 2017-இல் வந்த எலி ஆய்வு, மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பன்னிரண்டு மணி பிரியாணி வயிற்றுக்கு மட்டும்தான் கெடுதல் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும், அவ்வளவே. எட்டு, எட்டரைக்குள் சாப்பிட்டு முடித்தால், படுக்கும்போது நெஞ்செரிச்சலும் இருக்காது. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் என்று உப்பு ஏறிய இரவுச் சாப்பாடு மறுநாள் காலைக் கண் வீக்கத்தில் தெரியும். மட்டமாகப் படுத்திருக்கும்போது நீர் முகத்தில் தங்கும், உப்பு அதைக் கூட்டும்.

மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும் என்பார்கள். தூங்கப் பிடிப்பது சீக்கிரம் நடக்கும்தான். பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும்.

போன் விஷயத்தில் எல்லோரும் நீல வெளிச்சத்தைத் திட்டுகிறார்கள். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோன் சாதாரணமாகப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சுரக்க ஆரம்பிக்கும், வெளிச்சம் அதைத் தாமதப்படுத்தும், உண்மை. என் அனுபவத்தில் வெளிச்சத்தைவிட 'இன்னும் ஒரே ஒரு ரீல்' என்பதுதான் பெரிய திருடன். போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாயில் ஒரு டைம்பீஸ் வாங்குங்கள்.

படி 4: அறை

நம் ஊரில் மே மாதத் தூக்கத்தைக் கெடுப்பது புழுக்கமும் கொசுவும். படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் குளியுங்கள். வெயில் காலத்தில் போய் வெந்நீரா என்று கேட்காதீர்கள். தோல் ரத்தக் குழாய் விரிந்து உள்சூடு வெளியேற அது உதவும். ஜில் தண்ணீரில் குளித்தால் அந்த நேரத்துக்குச் சுகம், ஆனால் குழாய்கள் சுருங்கும். அதே சமயம் கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தோல் வறளும், அதுவும் வேண்டாம்.

ஏசி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது வறட்சி. ஏசி அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், தோல் ஏற்கெனவே இரவில் ஈரத்தை இழந்துகொண்டிருக்கும். 25, 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, முகத்தில் நேராக அடிக்காதபடி திருப்பி வையுங்கள். கொசுவுக்கு நான் இன்னமும் வலையைத்தான் சொல்வேன். எக்ஸிமா உள்ள குழந்தைக்குப் பருத்தி உடை, ஒட்ட வெட்டிய நகம்.

படி 5: படுக்கும் முன் முகத்துக்கு

இந்தப் படி சின்னதுதான், கடைக்காரர்கள்தான் பெரிதாக்கிவிட்டோம். மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே ஈரம் காக்கும் க்ரீம் போடுங்கள். கிளிசரின், செரமைடு உள்ளவை நல்லவை. எண்ணெய் வழியும் முகமானால் ஜெல், வறண்ட முகமானால் கெட்டியான க்ரீம். உதடு, குதிகால், முழங்கைக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சிய ஒன்றை, இத்தனை வருடத்தில், அதைவிடப் பத்து மடங்கு விலையிலும் நான் பார்த்ததில்லை.

தேங்காய் எண்ணெய்? பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மிதமான எக்ஸிமாவுக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. ஆகவே வறண்ட கை, காலுக்குத் தாராளமாகத் தடவலாம். பருக்கள் வரும் முகத்துக்கு வேண்டாம். அதைவிட முக்கியம், இரவு தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு படுக்கும் பழக்கம். எண்ணெய் நெற்றியில் இறங்கும், தலையணை உறையில் ஊறும், அங்கிருந்து கன்னத்துக்கு வரும். நெற்றியோரம் பொடிப்பொடியாகப் பரு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது தலைமுடியைத்தான். எண்ணெய் வைப்பதாக இருந்தால் காலையில் வைத்துக் குளித்துவிடுங்கள். உறையை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றுங்கள்.

சுருக்கத்துக்கும் பருவுக்கும் பூசும் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) இரவுக்கான பொருள், வெளிச்சம் அதைக் கெடுக்கும். வாரத்துக்கு இரண்டு இரவில் ஆரம்பித்து, பட்டாணி அளவு போதும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. மறுநாள் சன்ஸ்க்ரீன் போடாமல் ரெட்டினால் போடுவது வீண் செலவு.

ஒரு கண்டிப்பான வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கி இரவில் பூசும், மூன்றே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் முதலில் வெளுக்கும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, முடி முளைத்து, வெயிலில் எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். இதைச் சீட்டில்லாமல் கேட்டு என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. ஏற்கெனவே பல மாதம் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய், படிப்படியாக நிறுத்தும் வழியைக் கேளுங்கள்.

குப்புறப் படுப்பவர்களுக்கு இமை வீக்கமும், பல வருடத்தில் ஒரு பக்கக் கன்னத்தில் மடிப்புக் கோடும் வரலாம். மல்லாந்து படுக்கப் பழகினால் நல்லது, முடியாவிட்டால் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டுத் தலையணை உறைக்கு இவ்வளவு விலை கொடுக்கும் அளவுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

படி 6: இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு

ஓஎம்ஆர் அலுவலகங்களில் அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்கள், நர்சுகள், செக்யூரிட்டி அண்ணன்கள், லாரி ஓட்டுநர்கள். "சீக்கிரம் படுங்க" என்ற அறிவுரை இவர்களுக்குக் கேலி மாதிரி இருக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் கடிகாரத்தோடு கட்டாமல் உங்கள் தூக்கத்தோடு கட்டுங்கள்.

காலை எட்டு மணிக்கு வீடு வந்து ஒன்பதுக்குப் படுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்பும்போது காலை வெளிச்சம்தான் எதிரி, அது 'இப்போதுதான் பொழுது விடிந்தது' என்று கடிகாரத்திடம் சொல்லிவிடும். கம்பெனி வண்டியில் வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். டூவீலரில் வருபவர்களே, கண் சொருகினால் கண்ணாடி, வெளிச்சம் எல்லாவற்றையும் விடுங்கள், முகம் கழுவி அரை மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் அறையை இருட்டாக்கத் தடித்த திரை வேண்டும். வாடகை வீட்டில் முடியாவிட்டால் கண்பட்டை. காலிங் பெல்லும் குக்கர் விசிலும் பகல் தூக்கத்தைத் துண்டாக்கும், ஆகவே வீட்டாரோடு பேசி வையுங்கள். இரவுப் பணிக்காரரின் தூக்கம் அவர் ஒருவர் நினைத்தால் மட்டும் சரியாகாது.

லீவு நாளில் முழுக்கப் பகல் வாழ்க்கைக்குத் தாவாதீர்கள். ஒன்பது முதல் நாலரை வரை தூங்குபவர், லீவு நாளில் அதிகாலை நாலு முதல் பதினொன்று வரை தூங்கினால் இரண்டு மணி நேரமாவது பொதுவாக இருக்கும், கடிகாரம் முழுக்கத் தலைகீழாகாது. ஷிப்டு சுற்றில் கேட்டு வாங்க முடியுமானால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகும் சுற்றைக் கேளுங்கள். பின்னோக்கிய சுற்று உடம்புக்குக் கடினம். முக்கியச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிட்டு, நடு ராத்திரியில் லேசாக ஏதாவது மட்டும். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள்.

தோலுக்கு: படுக்கும் முன் செய்வதெல்லாம் காலை ஒன்பது மணிக்கு. ரெட்டினால் உட்பட, அறை இருட்டாக இருந்தால். எழுந்ததும் கழுவுங்கள், வெளியே வெயில் இருந்தால் சன்ஸ்க்ரீன். பணி முடிந்து வீடு திரும்ப ஒன்பது, பத்து மணி ஆகிறவர்கள் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போதே முகம் கழுவி சன்ஸ்க்ரீன் போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 7: எப்போது பலன் தெரியும்

கண் வீக்கமும் சோர்வும் இரண்டு மூன்று நல்ல இரவில் குறையும். தோலின் மேலடுக்கு முழுவதும் புதிதாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், ஆகவே வறட்சி, சொரசொரப்பு, பொலிவு இவற்றை அதற்கு முன் எடைபோட வேண்டாம். ஆறாவது வாரத்தில் அந்தப் போட்டோக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கருவளையம் மட்டும் பலருக்கு அசையாது. கண்ணாடி முன் நின்று, கீழ் இமைத் தோலை மெல்ல இழுத்துப் பாருங்கள். நிறம் அப்படியே பழுப்பாக நின்றால் அது நிறமி. அப்பா, அம்மாவுக்கும் இருக்கும், கண்ணைத் தேய்ப்பதாலும் கூடும். நீலமாக இருந்து, இழுக்க இழுக்க அடர்ந்தால் அடியிலிருக்கும் ரத்தக் குழாய்கள். வெளிச்சம் விழும் கோணத்தை மாற்றினால் மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். இதில் நிறமியையும் நிழலையும் தூக்கம் போக்காது. எந்த ஐந்நூறு ரூபாய்க் க்ரீமும் நிழலைப் போக்காது. கூடவே முகம் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்கினால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கண் க்ரீம் கேட்டு வந்து, இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் கடையில் கொஞ்சப் பேர் இல்லை.

எப்போது டாக்டரிடம்

ஏழரை மணி நேரம் தூங்கியும் காலையில் களைப்பு, பகலில் தூக்கம், வீட்டார் சொல்லும் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 20 நோயாளிகளை மூச்சுக் கருவி வைப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் நெற்றி உப்பலும் முகச் சிவப்பும் குறைந்திருந்தன. இவர்களுக்கு நான் எழுதிய எந்தப் படியும் போதாது. கழுத்தில், அக்குளில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை, சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லும் அறிகுறி. தூக்கக் குறைவும் இன்சுலின் வேலையைக் கெடுக்கும் என்பதால் இரண்டும் கைகோத்து வருவதுண்டு.

தூக்கம் வரவில்லை என்று சளி, அலர்ஜி மாத்திரையைத் தினமும் போடுபவர்கள் உண்டு. மயக்கம் தருவது எல்லாம் நல்ல தூக்கம் ஆகாது, மறுநாள் காலையிலும் மந்தம் தங்கும். மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த டைரியையும் கொண்டுபோங்கள், அவருக்கு அரை மணி நேர விசாரணை மிச்சம்.

கடைசியாக, ராத்திரி அரிப்பு. போன வருடம் ஒருவர் தூக்கமின்மைக்கு மாத்திரை கேட்டு வந்தார். அரித்து அரித்து ஒரு மாதமாகத் தூக்கமில்லை, சூடு என்று நினைத்து இளநீரும் மோருமாகக் குடித்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கைக் காட்டச் சொன்னேன். "வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?" "ஆமா, பொண்டாட்டிக்கும் சின்னவனுக்கும்." அது சிரங்கு. டாக்டரிடம் அனுப்பினேன். அவர் எழுதிக் கொடுத்த மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்வரை பூசி, போர்வையையும் துணிகளையும் வெந்நீரில் துவைத்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பூசினார்கள். அரிப்பு முழுக்க அடங்க இன்னும் சில வாரம் ஆனது. தூக்க மாத்திரையை அப்புறம் அவர் கேட்கவே இல்லை.